அட்லாண்டிக் சிற்றியில் ஓர் அமாவாசை

மொன்றியலில் இருந்து வெள்ளிக்கிழமை இரவுகளில் அட்லாண்டிக் சிற்றிக்கு ஒரு பஸ் போகும். சூதாடப் போகிறவர்களுக்கென்றே ஓடுகிற பஸ். இரவு முழுக்க ஓடி அடுத்த நாள் காலையில் கசினோ வாசலில் இறக்கிவிடும். பொழுது படும்வரை ஆடலாம், தோற்கலாம், விரும்பினால் அழலாம். பிறகு அதே பஸ் அள்ளி ஏற்றிக்கொண்டு ஞாயிறு காலை மொன்றியலில் கொட்டிவிடும். ஹோட்டல் செலவில்லை, டிக்கெட்டும் மலிவு. இறங்கியவுடன் கசினோக்காரன் ஒவ்வொருவர் கையிலும் கடதாசியில் சுற்றிய ஒரு கட்டுச் சதக்குற்றியும், சாப்பாட்டுக்கு ஒரு துண்டுச் சீட்டும் தருவான். தானம் கொடுத்த மாட்டை யாராவது பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா? அவன் ஏன் தருகிறான் என்று நாங்கள் ஒருவரும் யோசிக்கவில்லை.

நான் இரண்டு தரம் போய்த் தோற்றுவிட்டு வந்திருந்தேன். அதில் எனக்கு வெட்கமில்லை. உணவகத்தின் பின்பக்கத்தில் நாள் முழுக்கக் கோப்பை கழுவுகிறவனுக்குக் கம்பளத்தின்மேல் நடக்க ஆசை இருக்கும். கதவைத் திறந்துவிட்டு 'வெல்கம், சேர்' என்று சொன்ன முதல் வெள்ளைக்காரனை நான் கண்டது கசினோ வாசலில்தான். அதற்கு முன்னர் நான் ஏறி இறங்கிய அலுவலகங்கள் ஒன்றிலும் எனக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

மூன்றாவது தரம் போனது சூதாட அல்ல. ஒரு தாய்க்குக் கடமை செய்ய.

அப்போது மொன்றியலின் சென் மிஷேல் பகுதியில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் நாங்கள் சில ஆண்கள் சேர்ந்து இருந்தோம். எண்பதுகளின் நடுப்பகுதி. ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் அங்கே இல்லை, ஊர்தான் பெயர். திருமலை அண்ணை என்னோடு அதே உணவகத்தில் பானை கழுவினார். முப்பத்தைந்து வயது இருக்கும். ஊரில் துறைமுகத்தில் கணக்குப் பார்த்தவர். அதிகம் கதைக்க மாட்டார். மனைவியும் ஐந்து வயது மகளும் மெட்ராசில் ஒரு வாடகை அறையில் இருந்தார்கள். இவருடைய அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. வழக்கு வென்றால்தான் அவர்களைக் கூப்பிடலாம். வழக்கு முடிவதற்குள் நாட்டை விட்டு ஒரு அடி வெளியே வைத்தாலும் எல்லாம் போச்சு. இது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம். எனக்கு அந்தப் பயம் இல்லை. நான் படிக்க வந்து, படிக்காமல் விட்டு, எப்படியோ நிரந்தரக் கடதாசி எடுத்துவிட்டவன்.

அவருடைய தாய் திருகோணமலையில் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் இருந்த அகதி முகாமில் காய்ச்சலில் செத்துப்போனார். யாரோ பக்கத்துப் பாயில் இருந்தவர்கள் எரித்தார்கள். செய்தி ஆள்மாறி ஆள்மாறி வந்து சேர்ந்தபோது முப்பத்தோராம் நாளும் கடந்துவிட்டது. பெற்றது இரண்டு ஆண்பிள்ளைகள். மூத்தவர் நியூயோர்க்கில் ஒரு பெற்றோல் நிலையத்தில் நின்றார், அவருக்கும் அங்கே வழக்கு. இளையவர் மொன்றியலில். தகப்பனுக்கு மூத்தபிள்ளை, தாய்க்குக் கடைசிப்பிள்ளை என்பது எங்கள் முறை. அப்படிப் பார்த்தால் கொள்ளி வைத்திருக்க வேண்டியவர் எங்கள் வீட்டுக் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

நியூயோர்க்கில் ஒரு ஐயர் நாள் சொன்னார். முப்பத்தொன்று போனால் போகட்டும், வருகிற அமாவாசையில் நீர்நிலையில் செய்யலாம் என்று. அமாவாசை சனிக்கிழமையில் விழுந்தது.

"மொன்றியலைச் சுத்தி ஆறுதானே அண்ணை ஓடுது. லாஷின் பக்கமாப் போய்ச் செய்வம்" என்றேன் நான்.

"ஆறு காணும் தம்பி. என்ர அண்ணைதான் அங்க இல்லை" என்றார் அவர்.

அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் கண்டு ஆறு வருடமாம். தாய் செத்த இடத்திலும் இரண்டு பேரும் இல்லை, கடமையிலாவது ஒன்றாக நிற்க வேண்டும் என்று மூத்தவர் தொலைபேசியில் அழுதிருக்கிறார். மூத்தவருக்குக் கனடாவுக்குள் வர வழியில்லை. அப்போதுதான் நான் வாயைத் திறந்து பஸ்ஸைப் பற்றிச் சொன்னேன். நியூயோர்க்கிலிருந்தும் அதே மாதிரி மலிவு பஸ்கள் அட்லாண்டிக் சிற்றிக்கு ஓடின. கடலும் அங்கே இருந்தது. சூதாடப் போகிற பஸ்ஸை எல்லையில் பெரிதாகத் துருவுவதில்லை. கையில் காசில்லாமல் எப்படியும் திரும்பி வருவான் என்று அவர்களுக்குத் தெரியும்.

எல்லை தாண்டத் திருமலை அண்ணைக்குக் கிடைத்த கடதாசி மன்னார் அண்ணையுடையது. அவர் எங்கள் வீட்டில் வயதில் கூடியவர், ஒரு கிரேக்கரின் உணவகத்தில் சமையல், கத்தோலிக்கர், நிரந்தர வதிவிடம் கிடைத்தவர். தன் பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தார். இருவருக்கும் ஒற்றுமை என்று பார்த்தால் உயரமும் மீசையும்தான். ஆனால் மீசை என்றால் அது மீசை. படத்தில் அரைவாசி முகத்தை அதுவே பிடித்திருந்தது. கறுப்பும் மீசையும் இருந்தால் வெள்ளைக்காரனுக்கு நாங்கள் எல்லோரும் ஒரே ஆள் என்று மன்னார் அண்ணை சிரித்தார். அதோடு விடவில்லை. நிரந்தர வதிவிடத்துக்குக் கிடைத்த லாண்டிங் கடதாசியையும், தன் பங்குக் கோயிலில் எடுத்த ஞானஸ்நானப் பத்திரத்தின் ஆங்கிலப் பிரதியையும் மடித்து உள்ளே வைத்தார். "எதுக்கும் கிடக்கட்டும்" என்றார். ஆமிக்காரனின் சோதனைச் சென்றிகளில் வளர்ந்த ஆட்கள் நாங்கள். ஒரு கடதாசி கேட்டால் நாலு கடதாசி நீட்டுவோம், கூடக் காட்டினால் கூடத் தப்பலாம் என்ற நினைப்பு.

ஒரு கிழமை முழுக்கப் பானை கழுவும் தொட்டியடியில் நான் கேட்க அவர் ஒப்புவித்தார். பிறந்த திகதி, ஊர், பங்குக் கோயில், தகப்பன் பெயர், தாய் பெயர். மன்னார் அண்ணையின் தாய்க்கு ஒரு புனிதையின் பெயர், நீளமான பெயர். ஒரு தடவையும் அவர் பிழைவிடவில்லை.

பஸ்ஸடியில் வைத்துக் கடைசியாகச் சொன்னேன். "அண்ணை, நீங்கள் எள்ளுத் தண்ணி இறையுங்கோ, முழுகுங்கோ, என்னவும் செய்யுங்கோ. மீசையில மட்டும் கை வைக்கப்படாது."

"ஓம் தம்பி" என்றார்.

அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அந்த நேரத்தில் அவருக்கு அது உண்மையாகத்தான் இருந்திருக்கும்.

எல்லையில் அமெரிக்க அதிகாரி பஸ்ஸுக்குள் ஏறி வந்தான். இத்தாலிய விதவைகள், ஓய்வூதியக்காரக் கிழவர்கள், இரண்டு சீனச் சமையல்காரர்கள், நாங்கள். படத்தைப் பார்த்தான், மீசையைப் பார்த்தான், "குட் லக்" என்றான். மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். எங்கள் மடியில் இருந்த கனம் அவனுக்குத் தெரியவில்லை. திருமலை அண்ணை பிறகு நித்திரை கொண்டார். நான் கொள்ளவில்லை.

காலையில் கடற்கரைப் பலகை நடைபாதையில் மூத்தவர் காத்துக்கொண்டு நின்றார். தூரத்திலேயே கண்டுவிட்டேன். மனிதர் தலையை மொட்டை அடித்து, முகத்தையும் மழித்துக்கொண்டு வந்திருந்தார். இரண்டு பேரும் கட்டிப் பிடிக்கவில்லை. "மெலிஞ்சுபோனாய்" என்றார் மூத்தவர். "நீங்களும்தான்" என்றார் இவர். பிறகு ஒரு வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து கடலைப் பார்த்தார்கள். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன்.

மூத்தவரின் பையில் எல்லாம் இருந்தன. மாஜரின் டப்பாவில் பிண்டத்துக்குச் சோறு, எள், ஐயர் கொடுத்த தர்ப்பை, சீனர் கடையில் வாங்கிய வாழையிலை, வெள்ளை வேட்டி. கடைசியில் ஒரு கத்தரிக்கோலும் புதுச் சவர அலகுகளும் வெளியே வந்தன.

"மீசை எடுக்க ஏலாது. பாஸ்போர்ட் படத்தில மீசை இருக்கு" என்று நான் குறுக்கே விழுந்தேன்.

மூத்தவர் என்னைப் பார்க்காமல் தம்பியைப் பார்த்தார். "கடைசிப்பிள்ளை நீ. முகம் வழிக்காமல் பிண்டம் வைக்கப்போறியோ? அது அம்மாவுக்குப் போய்ச் சேருமோ?"

"பிடிபட்டால் வழக்குப் போகும். பெண்சாதி பிள்ளை மெட்ராசில கிடந்து சாகிறதோ?" என்றேன். எனக்குக் கோபம் வந்தால் வார்த்தை தடிக்கும். "செத்தவவுக்காக உயிரோட இருக்கிறதுகளைக் கைவிடுறது எந்தச் சாத்திரத்தில கிடக்கு?"

"இவர் ஆர், எங்கட அம்மாவைப் பற்றிக் கதைக்க?" என்று மூத்தவர் எழும்பிவிட்டார்.

திருமலை அண்ணை இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தபடி மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கசினோவின் கழிவறைப் பக்கம் நடந்தார். அங்கேதான் சுடுதண்ணீர் வரும். மூத்தவர் பின்னால் போனார்.

நான் போகவில்லை. உங்கள் பாடு என்று விட்டுவிட்டு இயந்திரங்களுக்கு நடுவில் போய் இருந்தேன். கசினோக்காரன் தந்த குற்றிக் கட்டை உடைத்துப் பிளாஸ்டிக் கோப்பையில் கொட்டிக்கொண்டு, ஒன்றொன்றாகப் போட்டுக் கைபிடியை இழுத்தேன். என்ன விழுகிறது என்றுகூடப் பார்க்கவில்லை. அப்படியிருக்க மணி அடித்தது, மேலே விளக்குச் சுற்றியது, சதக்குற்றி கடகடவென்று தட்டில் கொட்டியது. பக்கத்து இயந்திரக் கிழவி என் தோளில் அடித்து வாழ்த்தினாள். அந்த ஒரு நிமிடம் எனக்குச் சந்தோசமாக இருந்தது, அதை மறைத்து என்ன பயன். குனிந்து அள்ளிக்கொண்டு நிமிர்ந்தபோது கழிவறைப் பக்கமிருந்து இரண்டு மொட்டைத் தலைகள் வந்தன. எது மூத்தவர், எது இளையவர் என்று எனக்கே ஒரு கணம் தெரியவில்லை. மேலுதட்டில் திருமலை அண்ணைக்குத் தோல் வெளிறிப்போய் இருந்தது.

வைகாசி மாதம். கடல் ஐஸ்போலக் குளிர்ந்தது. குளிப்பவர்கள் என்று யாரும் இல்லை, மேலே நடைபாதையில் ஆட்கள் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு போனார்கள். வேட்டியோடு இருவரும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார்கள். ஐயர் எழுதிக் கொடுத்ததை மூத்தவர் வாசிக்க, இளையவர் தாயின் பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டார். மூன்று தரம் உரத்துச் சொன்னார், எனக்குக் கரையில் கேட்டது. ஏறிவந்து மணலில் இலை போட்டுப் பிண்டம் வைத்தார். காகத்துக்கு எங்கே போவது? கடற்பறவைகள் வந்து, கும்பிட்டு முடியும் வரைக்கும் பொறுக்காமல், இலையோடு இழுத்தன. மூத்தவர் துரத்தப் போனார். "விடுங்கோ அண்ணை, பசியாக்கும்" என்றார் இளையவர். ஒரு பொலிஸ்காரன் வந்து என்ன நடக்கிறது என்று கேட்டான். பிக்னிக் என்று மூத்தவர் சொன்னார். நடுங்கிக்கொண்டு நின்ற இரண்டு மொட்டைகளையும் அவன் மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

அந்தக் கோலத்தில் அவர்களைப் பார்த்தபோது என் கோபம் இறங்கிவிட்டது. என் தாய் அப்போது உயிரோடு இருந்தார். செத்தால் நான் எங்கே எந்தத் தண்ணீரில் நிற்பேன் என்று நினைத்தேன்.

கடமை முடிந்தால் மரக்கறிச் சாப்பாடு. கசினோ தந்த சாப்பாட்டுச் சீட்டுகளைக் கொடுத்து உள்ளே போனோம். அங்கே பரப்பி வைத்திருந்ததெல்லாம் மாடும் பன்றியும் றாலும். மூன்று பேரும் மசித்த உருளைக்கிழங்கும் பாணும் எடுத்துக்கொண்டு வந்து இருந்தோம். மூத்தவர் தன் தட்டில் இருந்ததில் பாதியைத் தம்பியின் தட்டில் போட்டார். இவர் மறுக்காமல் சாப்பிட்டார். சின்னவயதில் தாய் எப்படிப் பகிர்ந்து வைப்பார், யாருக்குக் கூட வைப்பார் என்று அவர்களுக்குள் ஒரு வழக்கு நடந்தது, இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் வென்ற காசைப் பின்னேரத்துக்குள் முழுக்கத் தோற்றேன்.

பஸ்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. மூத்தவர் நியூயோர்க் பஸ்ஸில் ஏறுமுன் என்னிடம் வந்து, "தம்பி, கவனமாய்க் கொண்டுபோய்ச் சேரும்" என்றார். மழிக்கச் சொன்னவரும் இவர், கவனமாய்க் கொண்டுபோகச் சொல்பவரும் இவர். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. அவர் தலையில் தொப்பி ஒன்று வாங்கிப் போட்டுவிட்டேன், மொட்டை மறையும். மீசைக்கு எங்கே போவது? முன் இருக்கை இத்தாலியக் கிழவியிடம் கண்மைப் பென்சில் கேட்டுக் கீறிவிடட்டுமா என்றுகூடக் கேட்டேன். "கூத்துக்கோ போறம்?" என்று திருமலை அண்ணை சிரித்தார். ஆறு வருடத்தில் அவர் அப்படி லேசாக இருந்திருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றியது. என்னிடம் மகளைப் பற்றிக் கதைத்தார். அவளுக்கு மொன்றியலில் பனிச்சப்பாத்து என்ன அளவு வாங்க வேண்டும், பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படிக்க வேண்டி வருமாமே என்றெல்லாம். அவர் அப்படிக் கதைக்கக் கதைக்க எனக்குப் பயம் கூடிற்று.

எல்லைக்கு வந்தபோது விடிந்துவிட்டது. கனேடிய அதிகாரி ஏறி வந்தார். நரைத்த மனிதர், பிரெஞ்சு வாடை அடிக்கும் ஆங்கிலம், நல்ல குணம்போலத்தான் தெரிந்தது. பாஸ்போர்ட்டை விரித்துப் பார்த்தார். தொப்பியைக் கழற்றச் சொன்னார். இன்னொருமுறை பார்த்தார்.

"மொன்சியூர், காசோடு மீசையையும் தோற்றுவிட்டீர்களா?" என்றார். முழு பஸ்ஸும் சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். ஆனால் அவர் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இறங்கி வரச் சொன்னார். திருமலை அண்ணைக்கு ஆங்கிலம் போதாது என்று கண்டதும் என்னையும் கூப்பிட்டார்.

உள்ளே ஒரு மேசை, மூன்று கதிரை. அவர் உட்கார்ந்து கடதாசிகளை ஒவ்வொன்றாக விரித்தார். பிறந்த திகதியைக் கேட்டார், இவர் சரியாகச் சொன்னார். ஊர், சரி. வேலை செய்யும் இடம், சரி. அவருடைய முகம் தெளிந்துகொண்டு வந்தது. ஞானஸ்நானப் பத்திரத்தைக் கண்டபோது புன்னகையே வந்தது, தன்னுடைய பேத்திக்கும் அதில் தாய்க்குப் போட்டிருந்த புனிதையின் பெயர்தான் என்று ஏதோ சொன்னார். பிறகு, ஏன் இப்படித் தலையும் முகமும் மழித்தீர்கள் என்று சாதாரணமாகக் கேட்டார்.

நான் அதைத் தமிழில் சொன்னேன். பேன் என்று சொல்லச் சொல்லுவார், பந்தயத்தில் தோற்றேன் என்று சொல்லச் சொல்லுவார் என்று பார்த்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நான் தயாராகத்தான் இருந்தேன்.

"அம்மா செத்துப்போனா எண்டு சொல்லும். எங்கட முறை எண்டு சொல்லும்" என்றார் அவர்.

சொன்னேன். அதிகாரி பேனையைக் கீழே வைத்தார். தன் அனுதாபத்தைச் சொன்னார், அது வெறும் வாய்வார்த்தையாகத் தெரியவில்லை. பிறகு பத்திரத்தைக் கையில் எடுத்தபடி, "உங்கள் தாயின் பெயர் என்ன, மொன்சியூர்?" என்றார்.

அது மொழிபெயர்க்கத் தேவையில்லாத கேள்வி. திருமலை அண்ணைக்கு விளங்கிவிட்டது. வாயைத் திறந்தார், மூடினார். ஒரு கிழமை தொட்டியடியில் பிழையில்லாமல் சொன்ன பெயர். அந்தப் புனிதையின் பெயரைச் சொன்னால் அதிகாரி பத்திரத்தை மடித்துக் கையில் தந்துவிடுவார், வெளியே பஸ் நிற்கிறது, இன்னும் ஒரு மணித்தியாலத்தில் மொன்றியல்.

"மற்றப் பேரைச் சொல்லுங்கோ அண்ணை" என்றேன், குரலை மொழிபெயர்க்கிறவன்போல வைத்துக்கொண்டு.

"ஏலாது தம்பி" என்றார். "நேற்றுத்தான் பேர் சொல்லித் தண்ணி விட்டனான். இண்டைக்கு இன்னொரு மனுசியை அம்மா எண்டு சொல்லி, அவ செத்துப்போனா எண்டும் சொல்லுறதோ? அவ மன்னாரில உயிரோட இருக்கிறா."

"சும்மா வாயால சொல்லுறதுதானே அண்ணை. உங்கட மகளை நினையுங்கோ."

அவர் அதிகாரியின் பக்கம் திரும்பித் தன் தாயின் பெயரைச் சொன்னார். கடலில் நின்று சொன்ன அதே பெயர், அதே சத்தம். அதிகாரி பத்திரத்தைப் பார்த்தார். சரியாகக் கேட்கவில்லை என்பதுபோலத் திரும்பக் கேட்டார். மனிதர் ஒரு வழி விட்டுக் கொடுத்தார் என்றுதான் நான் இன்றும் நம்புகிறேன். இவர் அதே பெயரைத் திரும்பவும் சொன்னார்.

அதற்குப் பிறகு நல்ல குணம் எதுவும் உதவவில்லை. இன்னொரு அதிகாரி வந்தான், கதவைச் சாத்தினார்கள். நீ யார், இவரை எப்படித் தெரியும் என்று கேள்வி என் பக்கம் திரும்பியது.

"தம்பிக்கு ஒண்டும் தெரியாது எண்டு சொல்லும்" என்றார் திருமலை அண்ணை. "பஸ்ஸில பக்கத்தில இருந்தவர், முன்னப்பின்னத் தெரியாது எண்டு சொல்லும்."

என்னைப் பற்றி அவர் சொன்ன அந்தப் பொய்யை நானே ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது. தாயின் பெயரில் ஒரு பொய் சொல்ல ஏலாத மனிதர் எனக்காக அதை உடனே சொன்னார். நரைத்த அதிகாரி என் முகத்தைப் பார்த்தார். அவர் நம்பியிருக்க மாட்டார். வெளியே சாரதி ஹோர்ன் அடித்தான். போ என்று கையைக் காட்டினார். நான் போனேன்.

பஸ்ஸில் கிழவிகள் கேட்டார்கள். அவர் பிறகு வருவார் என்றேன். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. புரோசார்ட் தாண்டி மொன்றியல் பாலத்தில் ஏறும்வரை அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டு வந்தேன். விசரன், ஒரு பெயரைச் சொல்ல வழியில்லாத விசரன் என்று.

அன்றைக்கே அவரை அமெரிக்கரிடம் ஒப்படைத்துவிட்டார்கள். நாட்டை விட்டுப் போனதால் இங்கே வழக்கு முடிந்தது, அங்கே கடதாசி இல்லாததால் அடைத்தார்கள். மூத்தவர் கடன்பட்டு வெளியே எடுக்கும்போது அடுத்த பனிக்காலம் வந்துவிட்டது. அங்கே போட்ட வழக்கும் தோற்றது. பிறகு இன்னொரு நாடு, இன்னொரு வழக்கு. மகள் பெரியபிள்ளையான பிறகுதான் தகப்பனைக் கண்டாள்.

மன்னார் அண்ணை பாஸ்போர்ட் களவு போய்விட்டது என்று சொல்லித் தப்பினார், அதற்காகப் பல தடவை போய்ப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அன்று காலை திரும்பி வந்து சொன்னபோது ஏசுவார் என்று நினைத்தேன். நடந்ததை முழுக்கக் கேட்டுவிட்டு, "என்ர அம்மாவைச் சாகக் குடுக்க அவனுக்கு மனம் வரேல்லை. விடு" என்றார். அவ்வளவுதான். பிறகு எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு பூசைக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை அல்லவா.

மெட்ராசுக்குச் சொல்வது என் தலையில் விழுந்தது. வீட்டுக்காரரின் தொலைபேசிக்கு எடுத்து, மேல்மாடியில் இருந்து திருமலை அண்ணையின் மனைவியை, அந்த அக்காவை, கூப்பிடச் சொன்னேன். ஓடி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. கடமை நல்லபடி முடிந்ததா என்றுதான் முதலில் கேட்டார். முடிந்தது என்றேன். பிறகு மற்றதைச் சொன்னேன். அந்த மேசையில் என்ன கேட்டார்கள், அவர் என்ன சொன்னார், எத்தனை தரம் சொன்னார் என்று ஒன்றும் விடாமல் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

அழுவார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அழவில்லை.

"மாமி அந்த இடத்தில நிண்டிருந்தா, 'டேய், மற்றப் பேரைச் சொல்லிப்போட்டுப் போடா, பிள்ளையைப் பார்' எண்டு அவவே சொல்லியிருப்பா" என்றார். "மாமியை எனக்குத் தெரியும். பெத்த பிள்ளைக்குத்தான் தெரியேல்லை."

தூரத்தில் பிள்ளை யாரோடோ விளையாடிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. அக்கா ரிசீவரைப் பொத்திக்கொண்டு அதனிடம் ஏதோ அதட்டிவிட்டுத் திரும்பவும் வந்தார்.

"தம்பி, நான் இப்பிடிச் சொன்னனான் எண்டு அவரிட்டச் சொல்லிப்போடாதேங்கோ. தான் சரியாத்தான் செய்தனான் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கட்டும். அவரிட்ட இப்ப அது ஒண்டுதான் இருக்கு."